நீ குடி, நான் பாக்குறேன்

சாப்பாட்டு மேசையில் ஒரு லிட்டர் தண்ணீர் இருக்கிறது. பக்கத்தில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடி, ஒரு பாக்கெட் உப்பு. என் மகள் பள்ளியில் படிவம் நான்குக்கு வந்துவிட்டாள். வெறும் தண்ணீர் குடித்தவர் எவ்வளவு சிறுநீர் கழிக்கிறார், உப்புத் தண்ணீர் குடித்தவர் எவ்வளவு என்று வீட்டில் அளந்து வரச் சொல்லியிருக்கிறார்களாம். அப்பாவுக்கு உப்பு, அம்மாவுக்கு வெறும் தண்ணீர் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு மடமடவென்று குடித்துவிட்டார். நான் கிளாஸை எடுத்தேன், வைத்தேன். சிநேகிதி, உன் நினைப்பு வந்துவிட்டது.

நாமும் இதைச் செய்தோமே, தஞ்சோங் கிளிங்கிலிருந்து பஸ் ஏறிப் போன அந்தப் பள்ளிக்கூடத்தில். டீச்சர் தண்ணீர் குடிக்க ஆள் கேட்டார். ஜாடியைத் தூக்கிக்கொண்டு பையன்கள் முன்னால் கழிவறைக்கு நடக்க எந்தப் பெண் ஒத்துக்கொள்வாள்? எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். நீ மட்டும் கையைத் தூக்கினாய். அதோடு விட்டாயா, என் கையையும் பிடித்துத் தூக்கிவிட்டாய், பாவி. எனக்கு வெறும் தண்ணீர், உனக்கு உப்புத் தண்ணீர். கொஞ்ச நேரத்தில் நான் ஓட ஆரம்பித்தேன். ஜாடியைப் பேப்பரில் சுற்றி மறைத்துக்கொண்டு மறுபடி மறுபடி ஓடினேன். நீயோ நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "என் டேங்க் லீக் ஆவாது லா" என்று சிரித்தாய். டீச்சர் பலகையில் முடிவை எழுதினார்: உடல் தன் நீரின் அளவைத் தானே சரிசெய்துகொள்கிறது. நாமும் நல்ல பிள்ளைகளாக அதை எழுதிக்கொண்டோம், நம்பியும் விட்டோம்.

உனக்கு இனிப்பு நீர் வந்து இரத்தத்தில் சர்க்கரை ஏறியபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் சனத்தில் யாருக்குத்தான் இல்லை? கால் வீங்கும்வரை புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்தாய். பிறகு டயாலிசிஸ். ஒரு நாளைக்கு ஒரு சின்னப் போத்தல் தண்ணீர்தான், தேத்தண்ணியும் ரசமும் அதற்குள் அடக்கம் என்று நர்ஸ் சொல்லிவிட்டார். உன் உடம்பு சிறுநீர் கழிப்பதையே நிறுத்தியிருந்தது. "பாத்தியா, இன்னும் லீக் ஆவல" என்றாய் என்னிடம்.

என் கிட்னி ஒன்றைத் தருகிறேன் என்று போய்க் கேட்டேன். சோதித்துப் பார்த்துவிட்டு, எனக்கு இரத்தக் கொதிப்பு இருக்கிறது, எடுக்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். பஸ் நிற்கும் இடத்தில் உட்கார்ந்து அழுதேன். உன்னிடம் வந்து சொன்னபோது நீதான் எனக்கு ஆறுதல் சொன்னாய்.

அந்த வருஷம் மாசி மகத்துக்குத் தண்ணீர்ப் பந்தலில் நான்தான் நிற்பேன் என்று அடம்பிடித்தாய். வெயில் மண்டையைப் பிளந்தது. பெரிய டிரம்மில் சிவப்புச் சிராப், மேலே ஐஸ்கட்டி. காவடியோடு வந்தவர்களுக்கெல்லாம் முகந்து முகந்து கொடுத்தாய். உன் உதடு வெடித்திருந்தது. கூட்டம் குறைந்ததும் என்னைப் பந்தலுக்குப் பின்னால் இழுத்துப்போய் ஒரு கிளாஸை நீட்டினாய்.

"நீ குடி. நான் பாக்குறேன்."

வேண்டாம் என்றேன். நீ விடவில்லை. குடித்தேன். நீ என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் தொண்டையும் கூடவே ஏறி இறங்கியது. எப்படி இருக்கிறது என்று கேட்டாய். ஒரே இனிப்பு, வாயில் வைக்க முடியவில்லை என்றேன்.

"பொய் சொல்லாத லா. நல்லா இருக்குன்னு சொல்லு, நான் கேக்கணும்."

எனக்கு அழுகைதான் வந்தது. நீ கிளாஸை வாங்கிக்கொண்டு அடுத்த ஆளுக்கு ஊற்றப் போய்விட்டாய்.

கடைசியில் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பஞ்சை நனைத்து உன் உதட்டில் ஒற்றுவது ஒன்றுதான் எனக்கு மிச்சமிருந்த வேலை. அதையும் பிழிந்துவிட்டு ஒற்றச் சொன்னார்கள். நீ பஞ்சைப் பல்லால் கவ்விக்கொண்டாய். இழுக்கவும் மனசில்லை, விடவும் பயம். அப்படியே உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாயா ரும்புட் வீட்டு வாசலில் உன்னைக் குளிப்பாட்டியபோது குடம் குடமாக ஊற்றினார்கள். தண்ணீர் வாசலைத் தாண்டி, கால்வாய்வரைக்கும் ஓடியது. ஒரு மடக்குக்கு ஏங்கியவளுக்கு இத்தனையா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"என்னாமா, வெறும் தண்ணிதானே" என்றாள் மகள். உன்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தவள்தான், ஆனால் பந்தலுக்குப் பின்னால் நடந்தது அவளுக்குத் தெரியாது. பேனாவோடு என் எதிரே உட்கார்ந்தாள். "குடிங்க. நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

குடித்தேன். அந்த லிட்டர் முழுவதையும் குடித்தேன். கொஞ்ச நேரத்தில் உடம்பு தன் பாட்டுக்கு வேலையைச் செய்தது. ஜாடி நிறைந்தது, மகளுக்குச் சந்தோஷம். பலகையில் அன்று பார்த்த அதே முடிவைத்தான் அவளும் எழுதினாள். எனக்குச் சண்டை போடத் தோன்றியது. போட்டு என்ன செய்ய, வேறு எதை எழுதச் சொல்ல?

நீ போனதிலிருந்து தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் எதிரே வந்து நிற்கிறாய், என் தொண்டையைப் பார்த்துக்கொண்டு. பார்த்துக்கொள். என்னால் முடிந்தது அவ்வளவுதான். நீ கேட்டதை மட்டும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

நல்லா இருந்துச்சு லா. அந்தச் சிராப் அவ்வளவு நல்லா இருந்துச்சு.