கணக்குப்படி எண்ணெய் இருக்கிறது

லூயிஸ்டன், மெய்ன்
நவம்பர் 2

அன்புள்ள தம்பி ரெஜானுக்கு,

அக்கா ஜிசெல் எழுதுவது. நான் நலம். நீயும் லொரெய்னும் ஃப்ளோரிடாவில் நலம் என்று நம்புகிறேன். லொரெய்னின் முழங்கால் வலிக்கு வெயில் நல்லது என்று டாக்டர் சொன்னது பலித்ததா? போனில் கேட்கலாம்தான். ஆனால் நான் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் உனக்கு வேறொரு அழைப்பு வந்துவிடுகிறது. கடிதமென்றால் முடிகிறவரை நீ கேட்டுத்தான் ஆகவேண்டும்.

நீ விற்ற இரண்டாவது லாரியை நேற்று ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கு முன் அர்மாண்ட் வந்து சாவியை மேஜைமேல் வைத்தான். பத்தொன்பது வருஷம் ஓட்டிய லாரி. "ரெஜான் போன்ல சொல்லிட்டாரு, பரவால்ல" என்றான். பரவாயில்லை என்று அவன் சொன்னான், முகம் சொல்லவில்லை. வேலையை விட்டு நிறுத்துகிறவனை நேரில் பார்த்துச் சொல்ல உனக்கு ஒரு நாள் கிடைக்கவில்லை. இப்போது எழுநூறு வீட்டுக்கும் சூடாக்கும் எண்ணெய் கொண்டுபோய் ஊற்ற லியோ ஒருவன்தான்.

நீ அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தேன். அப்பா 1971-இல் எழுதத் தொடங்கிய குளிர்ப்புள்ளி நோட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி அழகாகக் கோடு போட்டிருக்கிறாய். ஒரு நாளின் சராசரி வெப்பம் பாரன்ஹீட் அறுபத்தைந்துக்குக் கீழே எத்தனை டிகிரி இறங்குகிறதோ அன்றைக்கு அத்தனை புள்ளி. வருஷம் முழுக்கக் கூட்டினால் இந்த ஊருக்கு எவ்வளவு சூடு தேவைப்பட்டது என்று தெரிந்துவிடும். எழுபதுகளில் வருஷத்துக்கு ஏழாயிரத்து எழுநூறு. கடந்த பத்து வருஷத்தில் ஆறாயிரத்து எண்ணூற்றைம்பது. கோடு இறங்கத்தான் செய்கிறது. அதில் முப்பத்தொரு வருஷத்துப் புள்ளிகள் என் கையெழுத்தில் இருப்பவை, அதனால் எனக்கு நீ பாடம் எடுக்க வேண்டாம். உறைந்த ஆற்றின்மேல் மீன்பிடிக் கூடாரம் போட்டே ஆறு வருஷமாகிறது. குளிர் குறைந்திருப்பது நிஜம்.

ஆனால் நீ அதோடு விடவில்லை. இதுவரை தினமும் சாயங்காலம் அன்றைய புள்ளியை நான் எழுதுவேன். எந்த வீடு எத்தனை புள்ளிக்கு ஒரு காலன் எண்ணெய் குடிக்கும் என்று நமக்குத் தெரியும். அதை வைத்து ஒவ்வொரு வீட்டு டேங்கிலும் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டு லாரியை அனுப்புவோம். இனிமேல் அது வேண்டாம் என்கிறாய். பத்து வருஷச் சராசரியை எடுத்து, மாதம் பிறக்கும்போதே மொத்த மாதத்துக்கும் லிஸ்ட் போட்டு அங்கிருந்து அனுப்புவேன் என்கிறாய். நான் மறுத்ததற்கு நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அக்கா, குளிர் செத்துப்போச்சு. செத்ததுக்குத் தினமும் எதுக்குக் காய்ச்சல் பாக்கறே?"

சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சராசரி என்பது நடந்து முடிந்த நாட்களின் கணக்கு. லியோ எண்ணெய் ஊற்றப்போவது இனி வரும் நாட்களுக்கு. இதை யோசித்துப் பார். கம்பெனி உன் பேரில் இருக்கிறது, முடிவு உன்னுடையது. ஆனால் போனை எடுப்பவள் நான்.

மாதா கோயிலில் சனிக்கிழமை பீன்ஸ் விருந்தில் உன்னை எல்லாரும் விசாரித்தார்கள்.

உன் நலம் நாடும் அக்கா,
ஜிசெல்


லூயிஸ்டன்
பிப்ரவரி 12

ரெஜான்,

அன்புள்ள என்று எழுதினேன், அடித்துவிட்டேன். அந்தத் தாளில் கிறுக்கலோடு அனுப்ப மனமில்லாமல் வேறு தாள் எடுத்திருக்கிறேன்.

இரண்டு வரியில் நீ கேட்டிருந்தாய், "என்ன நடந்துச்சு, சுருக்கமா எழுதி அனுப்பு, வக்கீலுக்கு வேணும்" என்று. சுருக்கமாக எழுத மாட்டேன்.

ஜனவரி இருபத்தேழாம் தேதி குளிர் இறங்கியது. பன்னிரண்டு நாள். நீ சராசரிப்படி நாளைக்கு நாற்பத்திரண்டு புள்ளி என்று லிஸ்ட் போட்டிருந்தாய். கேட்க ஆளில்லாவிட்டாலும் நான் பழக்கத்தில் எழுதிக்கொண்டுதான் வந்தேன். அறுபத்தாறு. அறுபத்தெட்டு. எழுபத்தொன்று. மூக்குக்குள் மயிர் உறையும் குளிர். இரண்டு தடவை உனக்குச் சொன்னேன். "வருஷக் கணக்குல இது ஒண்ணுமே இல்ல அக்கா" என்றாய். சரிதான். வருஷக் கணக்கில் ஒன்றுமே இல்லை. இப்போதும் இந்தக் குளிர்காலம் அப்பா காலத்துக் குளிர்காலத்தைவிடச் சூடானதுதான். வருஷம்தான் சூடாகியிருக்கிறது ரெஜான். அந்தப் பன்னிரண்டு நாள் ஆகவில்லை. மனிதர்கள் வருஷத்தில் படுத்துத் தூங்குவதில்லை, ஒவ்வொரு நாளாகத்தான் தூங்குகிறார்கள்.

பார்ட்லெட் தெருவில் ஹலீமா என்று ஒரு பெண். சோமாலியாவிலிருந்து வந்து பதினோரு வருஷமாகிறது. முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. கணவர் முக்தார் ரொட்டித் தொழிற்சாலையில். மூன்று பிள்ளைகள். மூத்தவள் இக்ரான், ஒன்பது வயது. பழைய மரவீடு, சுவரில் குளிர் தடுக்கும் பஞ்சே கிடையாது, நாலு புள்ளிக்கு ஒரு காலன் குடிக்கிற வீடு. ஜனவரி இருபதாம் தேதி லியோ நிரப்பிவிட்டு வந்தான்.

பிப்ரவரி நாலாம் தேதி காலையில் அவள் போன் செய்தாள். "மேடம், டேங்க்ல அளவு காட்டற மிதவை அடியில கிடக்குது. எண்ணெய் தீரப்போகுதுன்னு நினைக்கறேன்." நான் திரையைப் பார்த்தேன். எழுபது காலனுக்குமேல் என்று காட்டியது. நான் சொன்னேன்: "அந்த மிதவை பழசு, சிக்கிக்கும். கணக்குப்படி எண்ணெய் இருக்கும்மா. திங்கட்கிழமை லாரி வரும்."

இதை நான்தான் சொன்னேன். உன் வக்கீலுக்குச் சொல், நான்தான் சொன்னேன் என்று.

மறுநாளும் கூப்பிட்டாள். குரலில் கெஞ்சல் இல்லை, மரியாதையாகத்தான் பேசினாள். "நான் பொய் சொல்லலை மேடம். டேங்க்கைத் தட்டிப் பாத்தேன், காலியா சத்தம் கேக்குது." நான் மறுபடியும் அதையே சொன்னேன். ஒரு பெண் முழங்காலிட்டு டேங்கைத் தட்டிக் காது வைத்துக் கேட்டுச் சொல்கிறாள். நான் ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவன் அனுப்பிய எண்ணைப் படித்துக் காட்டுகிறேன்.

ஆறாம் தேதி மத்தியானம் மூன்றாவது முறை. "வீட்டைச் சூடு பண்ற மெஷின் நின்னுபோச்சு. ரேடியேட்டர் பனிக்கட்டி மாதிரி இருக்கு. பிள்ளைங்க கோட்டு போட்டுட்டு உக்காந்திருக்காங்க." அப்போதுதான் எனக்கு உறைத்தது. நோட்டை எடுத்து இருபதாம் தேதியிலிருந்து நிஜப் புள்ளிகளைக் கூட்டினேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. டேங்கில் ஒரு சொட்டும் இருக்க வழியில்லை. அவள் முதல்தடவை கூப்பிட்டபோதே கூட்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

உன்னைக் கூப்பிட்டேன். நீ படகில் இருந்தாய், காற்றுச் சத்தம் கேட்டது. நீ சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "லிஸ்டை மாத்தாத அக்கா. ஒருத்திக்காக லாரியைத் திருப்பினா நாப்பது வீடு தள்ளிப்போகும். வாடகைக்கு இருக்கறவங்க எப்பவும் இப்படித்தான் பயந்து சாவாங்க." ஒரு லாரிதான் இருந்தது என்பதை நீ சொல்லவில்லை. அதை ஒரு லாரியாக ஆக்கியது யார் என்பதையும் சொல்லவில்லை.

லியோவிடம் பேசினேன். சபாட்டஸ் பக்கம் இருந்தான். அங்கேயும் மூன்று வீட்டில் காலி, ஒரு வீட்டில் குழாய் வெடித்து ஏணிப்படியில் தண்ணீர் உறைந்திருந்தது. "விடிஞ்சதும் முதல்ல அங்கதான் போவேன் ஜிசெல்" என்றான். ஹலீமாவிடம் காலையில் வரும் என்றேன். "நன்றி மேடம்" என்றாள்.

காலையில் லியோ போனபோது தட்டியதற்குப் பதில் இல்லை. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறான். வெளியில் வைத்து இறைச்சி வாட்டும் கரியடுப்பை உள்ளே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். முக்தார் அதன் பக்கத்தில் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். சூடு வெளியேறாமல் கதவிடுக்கில் துண்டு அடைத்திருந்தது. லியோ குறடால் ஜன்னலை உடைத்துக் கதவைத் திறந்திருக்கிறான். ஹலீமாவும் பிள்ளைகளும் உள்ளறையில். அந்த அறை ஜன்னல் சட்டம் வளைந்து ஒரு விரல் அளவு இடைவெளி இருந்ததால் அவர்களுக்குத் தலைச்சுற்றலும் வாந்தியும்தான். கரியைக் கிளறிக்கொண்டு பக்கத்திலேயே இருந்து அந்த விஷப்புகையை முழுக்க இழுத்தவர் முக்தார். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கழித்துத்தான் கண் திறந்தார்.

உனக்குக் கோபம் வருகிறதா? கரியடுப்பை வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்பது யாருக்கும் தெரியுமே என்று போனில் சொன்னாய். தெரியும்தான். பிள்ளைகளின் உதடு நீலமாவதைப் பார்க்கிறவனுக்கு எதெல்லாம் தெரியும், எதெல்லாம் மறக்கும் என்று உனக்குத் தெரியுமா?

எட்டாம் தேதியிலிருந்து உன் லிஸ்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். தினமும் நிஜப் புள்ளி எழுதுகிறேன். அர்மாண்டின் வீட்டுக்கு நானே போய்க் கேட்டேன். வாடகை லாரி எடுத்து ஓட்டுகிறான். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை.

ஜிசெல்


லூயிஸ்டன்
மார்ச் 9

தம்பி ரெஜானுக்கு,

உன் வக்கீல் அனுப்பிய காகிதம் வந்தது. நல்ல தாள், தடிமனானது. அந்தப் பெண்ணிடமிருந்து ஒரே ஒரு அழைப்புதான் வந்தது, அதுவும் எண்ணெய் தீர்ந்தபின் வந்தது, டேங்கைக் கவனிப்பது குடியிருப்பவரின் பொறுப்பு என்று அவளுக்குச் சொல்லப்பட்டது என்றெல்லாம் அதில் இருக்கிறது. இவ்வளவுக்கும் கீழே என் கையெழுத்து வேண்டுமாம். நீ பக்கத்தில் சின்னதாக எழுதியிருக்கிறாய், "குடும்பத்துக்காக அக்கா" என்று.

ரெஜான், அம்மா போனபோது உனக்குப் பதினாலு வயது. உனக்காக நான் செய்ததை இதுவரை எழுதியதுமில்லை, சொல்லிக் காட்டியதுமில்லை. ஆனால் ஒரு பெண் மூன்று தடவை கூப்பிட்டதை ஒன்றாக்க என்னால் முடியாது. அழைப்பு நோட்டில் தேதியும் மணியும் போட்டு மூன்றும் இருக்கிறது. அந்த நோட்டையும் புள்ளி நோட்டையும் விசாரணைக்கு வந்த தீயணைப்புத் துறை அம்மாளிடம் வெள்ளிக்கிழமை கொடுத்துவிட்டேன். அவர் என்னைக் கேட்டார், "இதுல உங்க பேரும் வரும், தெரியுமில்லையா?" என்று. தெரியும் என்றேன். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

முக்தாரைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நடந்துதான் வந்தார். எல்லாரும் பிழைத்துக்கொண்டார் என்று சந்தோஷப்பட்டோம். மூன்றாவது வாரம் நிலை மாறத் தொடங்கிவிட்டது. அந்தப் புகை அப்படித்தானாம், சிலருக்குத் தாமதமாக மூளையைத் தாக்குமாம். போன வாரம் நான் போனபோது மேஜையில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். இக்ரான் பள்ளியிலிருந்து வந்தாள். அவளை வேறு ஏதோ பேர் சொல்லிக் கூப்பிட்டார். செத்துப்போன தன் தங்கச்சியின் பேராம். அந்தப் பிள்ளை திருத்தவில்லை. "இதோ வந்துட்டேன்" என்று பக்கத்தில் போய் உட்கார்ந்து பொத்தானைப் போட்டுவிட்டாள். டாக்டர்கள் சரியாகலாம் என்கிறார்கள், ஆகாமலும் போகலாம் என்கிறார்கள்.

நான் திட்டு வாங்கத்தான் போனேன். ஹலீமா ஏலக்காய் போட்ட டீயும் சமோசா மாதிரி அவர்கள் ஊர்ச் சம்பூசாவும் வைத்தாள். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் அவளே சொன்னாள், "உங்க குரலை வச்சு உங்களை அடையாளம் தெரிஞ்சுது." டீயை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவள் நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைவிட இது கனமாக இருந்தது.

பிறகு ஒன்று கேட்டாள். "நீங்க பாத்துச் சொன்னீங்க, சரி. அந்தக் கணக்கைப் போட்டவர் யாரு?"

கம்ப்யூட்டர் என்று சொல்லியிருக்கலாம். கம்பெனி என்று சொல்லியிருக்கலாம். உன்மேல் எனக்கு இருக்கிற ஆத்திரத்துக்கு உன் பேரை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம்.

"என் தம்பி" என்றேன்.

அவள் தலையாட்டினாள். "அவரை ஒரு தடவை இங்க வரச் சொல்லுங்க. நான் சத்தம் போடமாட்டேன். என் வீட்டுக்காரரைப் பாக்கட்டும். அவர்கிட்டப் பேசட்டும், அவர் பதில் சொல்றவரைக்கும் உக்காந்திருக்கட்டும்" என்றாள்.

விசாரணை இருபத்திரண்டாம் தேதி. அதற்கு உன் வக்கீல் வந்தால் போதும் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு அவரே வரட்டும். நான் கேட்பது விசாரணைக்கு அல்ல. உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, இந்த ஜென்மத்தில் தீருமா என்றும் தெரியவில்லை. ஆனாலும் அந்தத் தெருவில் உன்னைத் தனியாக நடக்கவிட மாட்டேன். விமானம் எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல், நான் போர்ட்லண்டில் வந்து நிற்கிறேன். மார்ச்தானே என்று மெல்லிய சட்டையோடு வராதே. லொரெய்னுக்குக் கடவுள் துணை, உனக்கும்.

வா, ரெஜான்.

உன் அக்கா,
ஜிசெல்