ஸ்விட்ச் என் கையில் இருந்தது

என் செல்லத் தடியன் ஏழுமலைக்கு,

நலமா என்று கேட்க முடியாத கடிதம் இது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இன்று காலை உன் லாரியை வெட்ட ஆள் வந்துவிட்டார்.

பதறாதே. முழுதாகக் கேள்.

நீ மஞ்சள் காமாலையில் போய் ஒரு வருஷம் திரும்பிவிட்டது. அன்றிலிருந்து அது ஆம்பூரில் நம் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அடுத்த மாதம் உன் மருமகள் லலிதாவுக்குக் கல்யாணம். "பந்தல எங்க போடறது, உன் தம்பி லாரி மேலயா?" என்று உன் மாமா தினமும் என்னைப் பிடுங்கினார். என் மகள் கல்யாணம், அவர் கேட்பதும் நியாயம்தானே? பத்துப் பேர் சேர்ந்து தள்ளியும் அது அசையவில்லை. வெள்ளிக்கிழமை, அதாவது இன்று, காலை பத்து மணிக்குள் ஸ்டார்ட் ஆனால் வேறு இடத்துக்கு ஓட்டிவிடுவது, ஆகாவிட்டால் பழைய இரும்புக்கு வெட்டிக் கொடுத்துவிடுவது. இதுதான் எங்களுக்குள் பேச்சு.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் மிலிட்டரி ஏலத்தில் நீ அதை எடுத்து வந்தபோது தெருவே சிரித்தது. நானும்தான். ஆனால் உப்பு தடவிய பச்சைத்தோல் ஏற்றிய புது லாரிகளின் தகடெல்லாம் துருப்பிடித்து ஓட்டையானபோது, உன் லாரி மட்டும் குத்துக்கல்லாக நின்றது. "இந்த எருமை கிட்ட இன்னாடா கண்ட?" என்று கேட்டேன். "கேக்காதக்கா. ஒரு நாள் ராணிப்பேட்ட வரைக்கும் கூட வா, உனக்கே தெரியும்" என்றாய். எத்தனை முறை கூப்பிட்டாய்! தோல் நாற்றம் ஆகாது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

இன்று விடிந்ததுமே மெக்கானிக் பாஷா பாய் வந்தார். வேறு வண்டியின் பேட்டரியை மாட்டினார், பெட்ரோல் ஊற்றினார், கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்தார். செல்ஃப் ஸ்டார்ட் உன் காலத்திலேயே கிடையாதே, முன்னால் ஹேண்டிலை மாட்டித்தான் சுற்ற வேண்டும். ஸ்விட்ச்சைப் போட்டு வைத்துவிட்டுச் சுற்றினார், சுற்றினார். எட்டரை ஆனது. ஒன்பது ஆனது. ஒன்பதரைக்கு எஞ்சின் ஒரு உதை உதைத்து, ஹேண்டில் திருப்பி அடித்ததில் அவர் மணிக்கட்டு வீங்கிவிட்டது.

"போதும் பாய், உட்ருங்க" என்றார் உன் மாமா.

கேஸ் கட்டிங்காரர் சிலிண்டரில் குழாயை மாட்டினார். "மொதல்ல பெட்ரோல எறக்கிடுங்க" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. ஏழு வருஷமாகத் தினமும் காலையில் நீ முன்னால் நின்று சுற்றும்போது, கேபினில் உட்கார்ந்திருந்தது யார்? நான். எஞ்சினுக்குள் பெட்ரோல் ஏறட்டும் என்று மூன்று சுற்று மெதுவாகச் சுற்றிவிட்டு நிற்பாய். "அக்கா, போடு!" என்று கத்துவாய். அதுவரை நான் ஸ்விட்ச்சைத் தொடவே மாட்டேன். பாஷா பாய் முதலிலிருந்தே போட்டுவைத்தல்லவா சுற்றினார்! என்னை யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நானே நினைக்கவில்லை.

"நிறுத்துங்க!" என்று கத்திவிட்டுப் புடவையைச் செருகிக்கொண்டு கேபினில் ஏறினேன். "ஹேண்டில நீங்க புடிங்க. கட்டை வெரல மத்த வெரலோட சேத்து வைங்க. மூணு சுத்து மெதுவா சுத்திட்டு நில்லுங்க. நாலாவத கீழேர்ந்து மேல இழுங்க."

உன் மாமா என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே! ஆனாலும் பிடித்தார்.

சோக்கை இழுத்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. நின்றார்.

நான் போடவில்லை, ஏழுமலை. ஸ்விட்ச்சின் மேல் கையை வைத்துக்கொண்டு, நீ கூப்பிடுவாய் என்று காத்திருந்தேன். பானெட்டுக்கு மேலே தெரிந்தது உன் மாமாவின் நரைத்த தலை என்று கண்ணுக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை.

"இன்னா சகுந்தலா, போடேன்!"

போட்டேன். அவர் இழுத்தார். இருமியது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகு பிடித்துக்கொண்டது.

அந்த ஏழு வருஷமும் ஸ்டார்ட் ஆன உடனே குதித்து இறங்கி அடுப்பைப் பார்க்க ஓடிவிடுவேன். இன்று இறங்கவில்லை. சீட்டிலிருந்து கிளம்பிய அதிர்வு முதுகில் ஏறிப் பல் வரைக்கும் வந்தது. மலையே எழுந்து என்னைத் தூக்கிக்கொண்டு நிற்பது போல் இருந்தது. "இதுக்காகவாடா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். கீழே உன் மாமா பானெட்டில் வைத்த கையை எடுக்கவே இல்லை. "நீ கெளம்புப்பா" என்று கட்டிங்காரரிடம் சொன்னார், வண்டியைப் பார்த்தபடியே.

வீங்கிய கையோடு பாஷா பாயே ஓட்டிப்போய், தோல் மண்டிப் பக்கத்து வேப்பமரத்தடியில் நிறுத்தியிருக்கிறார். கல்யாணம் முடிந்ததும் முதல் லோடு ராணிப்பேட்டைக்கு. அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்து போகிறேன். நீ கூப்பிட்டபோதெல்லாம் வராமல் போனேனே, அதற்காக. வழியெல்லாம் மூக்கைப் பிடிக்க மாட்டேன், சத்தியம்.

நீ "போடு" என்று சொல்லக் காத்திருந்த,
உன் அக்கா சகுந்தலா