அடுப்புக்கு மேல் இரண்டு தாங்கிகள்

தம்பி,

நேற்று மாப்பிள்ளை ஸ்பானரும் கையுமாக என் சமையற்கட்டில் நின்று திணறியதை நீ பார்த்திருக்க வேண்டும். சாமான் எல்லாம் லோரியில் ஏறிவிட்டது. அடுப்புக்கு மேலே, சுவர்ப்பலகையில் நீ முடுக்கிவிட்டுப் போன இரண்டு அலுமினியத் தாங்கிகள் மட்டும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தன. அவற்றின்மேல் கிடந்த மூங்கிலில் காலையில் போட்ட துண்டு இன்னும் காயவில்லை. ஈரத்துணியும் தேயிலைக் கட்டைப் புகையும் சேர்ந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "என்னம்மா, தலை சுத்துதா?" என்று மகள் ஓடிவந்தாள். தலையெல்லாம் சுற்றவில்லை. நீ கண்ணை மூடி இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. உன்னிடம் பேசாமல் விட்டது நெஞ்சில் வந்து நின்றுவிட்டது.

எஸ்டேட் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, தானா ராத்தா டவுனில் மகள் வீட்டோடு வந்துவிட்டேன். நான் அந்த லயத்து வீட்டுக்கு வாழ வந்தபோது நீ பள்ளிக்கூடத்துக் கால்சட்டையோடு, அடுப்பில் சுட்ட கருவாட்டைத் திருடித் தின்றுகொண்டிருந்த பிள்ளை. அதைவிடப் பெரிய தொல்லை, எதைக் கண்டாலும் கழற்றிப் பார்க்கும் உன் கை. எஸ்டேட் கணக்கெழுதும் கிராணியின் மோட்டார் சைக்கிளைக் கூட விட்டுவைக்கவில்லை. தேயிலை பேக்டரியில் உன் அண்ணன் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்: "இந்த எஸ்டேட்ல என் தம்பி கழட்டாதது ரெண்டே சாமான்தான். ஒன்னு மாரியம்மன் சிலை, இன்னொன்னு துரையோட பல்லு!" அந்தக் கைதான் உன்னை விமானப்படையில் ஹெலிகாப்டர் மெக்கானிக்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. உன் அண்ணனுக்கு அதில் தலைகால் புரியவில்லை.

அந்த மழைக்காலம் நினைவிருக்கிறதா? மலை சரிந்து ரோடு மூடிப்போய், ஆறாம் லயத்துப் பெண் பிரசவ வலியில் துடித்தாள். மேலே போன ஹெலிகாப்டரைப் பார்த்து யாரோ வேட்டியை விரித்து ஆட்ட, அது பந்து விளையாடும் பாடாங்கில் வந்து இறங்கியது. கதவைத் திறந்துகொண்டு முதலில் குதித்தது நீ! அவளை ஸ்ட்ரெச்சரில் கிடத்தி, உள்ளே பூட்டி, அரைமணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அடுத்த லீவில் நீ வந்தபோது கோயிலில் உனக்கு மாலை போட்டார்கள். வெட்கத்தில் நெளிந்துகொண்டே சொன்னாய்: "ரோடு போச்சுன்னா பாடாங்குல வெள்ளத் துணிய விரிங்க. நாங்க மேலதான் சுத்திக்கிட்டிருப்போம், இறங்கிருவோம் லா." அன்றிலிருந்து கோயில் அலமாரியில் ஒரு வெள்ளைத் துணி தனியாக மடித்து வைக்கப்பட்டது. மழைக்காலம் தொடங்குமுன் அதைத் துவைத்து வைப்பது எங்கள் எஸ்டேட்டில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

பிறகு எல்லைக் காட்டில் சண்டை வலுத்தது. ஆள் ஏற்றிக்கொண்டிருந்த அந்தப் பழைய ஹெலிகாப்டர்களைச் சண்டைக்குத் தயார் செய்கிறோம் என்று ஒரு லீவில் வந்து, அந்த அடுப்படியில் குந்திக்கொண்டு சொன்னாய். கதவோரம் துப்பாக்கி, வயிற்றின் இரண்டு பக்கமும் ராக்கெட் குழாய், பைலட் முகத்துக்கு நேரே குறிபார்க்கும் கண்ணாடி, மூடுபனியிலும் தரை எவ்வளவு கீழே என்று சொல்லும் கருவி, மலைக்கு அந்தப்பக்கம்வரை எட்டும் புது வயர்லெஸ், சீட்டுக்கு அடியில் குண்டு துளைக்காத தகடு. புதுப்பெண்ணுக்குப் போட்ட நகையைச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே போனாய்.

"கிழவிக்கு இவ்வளவு பாரமா? தூக்குவாளா?" என்று கேட்டேன்.

"அதான் அண்ணி சங்கதியே. ஒன்ன ஏத்துனா ஒன்ன இறக்கணும். எஞ்சின் அதே பழசு. மலை ஏற ஏறக் காத்து லேசாயிரும், அதுக்கு மூச்சு வாங்கும். பின்னால கெடந்த பழைய தட்டுமுட்டெல்லாம் கழட்டிப்புட்டோம்."

அப்படிக் கழித்துப்போட்டதில் இருந்துதான் எனக்கென்று இரண்டு தாங்கிகளைக் கேட்டு வாங்கி வந்திருந்தாய். "விமானத்துச் சாமான் அண்ணி. துருப்பிடிக்காது, வளையாது" என்று சுவரில் பொருத்தி, மூங்கிலைப் போட்டு, அதில் நீயே தொங்கிக் காட்டினாய். இந்தக் குளிரில் துணி காயவைக்க நான் பட்ட பாடு அன்றோடு தீர்ந்தது. அவை முன்பு எதைத் தாங்கின என்று நானும் கேட்கவில்லை, உனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

அடுத்த மழையில் மறுபடி மலை சரிந்தது. அன்றைக்குப் பார்த்து உன் அண்ணனுக்கு வயிற்றின் வலது பக்கம் வலி. விடிந்தபோது நெருப்பாய்க் காய்ச்சல். கங்காணி வந்து பார்த்துவிட்டு, "கம்பளியில தூளி கட்டித் தூக்கிட்டுப் போலாம். மண்ணைத் தாண்டிட்டா அந்தப்பக்கம் லோரி நிக்குது" என்றார். மண் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது, தூக்கிப்போகிறவர்களும் புதையலாம். உன் அண்ணன் தலையை ஆட்டிவிட்டார். "வேணாம் லா. எனக்காக எவனும் மண்ணுல மாட்ட வேணாம். என் தம்பி சொல்லியிருக்கான். துணிய விரிங்க."

விரித்தோம். வெயில் கொஞ்சம் எட்டிப்பார்த்த நேரத்தில் சத்தம் கேட்டது. லயமே கைதட்டியது. நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "வந்துட்டாங்க, உங்க தம்பி ஆளுங்க வந்துட்டாங்க" என்றேன். அவர் அந்த வலியிலும் சிரித்தார்.

கதவு திறந்ததும் தெரிந்தது துப்பாக்கிதான். அதன் பக்கத்தில் தோட்டாப் பெட்டிகள். அதற்குப் பின்னால் ஒரு மலாய்க்காரப் பையன், மீசைகூடச் சரியாக முளைக்காதவன். என்னையும் படுத்திருந்தவரையும் மாறி மாறிப் பார்த்தான். "ஸ்ட்ரெச்சர் தாக் அடா, காக். சுடா புக்கா" என்றான். ஸ்ட்ரெச்சர் இல்லையாம், கழற்றிவிட்டார்களாம். பைலட் இறங்கிவந்து, எதிரே இருந்த மலை முகட்டைக் காட்டி விளக்கினார். இருக்கிற பாரத்தோடு இன்னொரு ஆளை ஏற்றினால் இந்த உயரத்தில் வண்டி அந்த முகட்டைத் தாண்டாது. உடனே வயர்லெஸ்ஸில் வேறு ஹெலிகாப்டரைக் கூப்பிட்டார். உன் புது வயர்லெஸ் நன்றாகவே வேலை செய்தது, தம்பி. ஒரே கூப்பிடலில் பதில் வந்தது. அவர்கள் கிளம்பிப் போனபின் வந்த ஹெலிகாப்டரால்தான் இறங்க முடியவில்லை. அதற்குள் மூடுபனி பாடாங்கை மூடிவிட்டது. தலைக்கு மேலே அது சுற்றிச் சுற்றி வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, விரித்த துணியைச் சுற்றி நின்றோம். பிறகு சத்தமும் போய்விட்டது.

கடைசியில் கம்பளியில்தான் தூக்கினார்கள். பச்சைக் கோடு போட்ட அவருடைய சொந்தக் கம்பளி. மண்ணைத் தாண்டி லோரியில் ஏற்றும்போது மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இல்லை.

நீ யூனிபார்மோடு வந்து விழுந்து அழுதாய். சடங்கெல்லாம் முடிந்து, தண்ணீர் குடிக்கச் சமையற்கட்டுக்குள் வந்தவன் அப்படியே நின்றுவிட்டாய். மூங்கிலில் அவர் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. நீ பார்த்தது சட்டையை அல்ல.

"அண்ணி... இது அதுதான்."

"எது தம்பி?"

"ஸ்ட்ரெச்சர் உக்கார்ற பிராக்கெட். என் கையாலதான் கழட்டுனேன்."

கழற்ற ஸ்பானர் தேடினாய். நான் வேண்டாம் என்றேன். ஈரத்துணி எங்கே போகும்? அந்த நேரத்தில் அதற்குமேல் எனக்கு யோசிக்கத் தெம்பில்லை.

உன்மேல் கோபம் இருந்ததா என்று நீ கேட்டதே இல்லை. இருந்தது. அது எங்கே போய் நிற்பது என்று தெரியாத கோபம். ஒரு தீபாவளிக்கு வந்தபோது நீயே சொன்னாய், சீட்டுக்கு அடியில் போட்ட தகடு இல்லாவிட்டால் அந்த பைலட் அடுத்த மாதமே செத்திருப்பார் என்று. சரி, ஒரு வீட்டுக்குப் பிள்ளை திரும்பி வந்தது, என் வீட்டில் மனுஷன் இல்லை. யாரைத் திட்டுவது? வாங்கிவந்த கோழியை வாசலில் வைத்துவிட்டு, கூடத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவாய். அடுப்படிப் பக்கம் தலைகாட்ட மாட்டாய். நானும் அந்தக் கம்பளியை அந்த மூங்கிலில் போட்டதில்லை. வெயில் வரும்வரை காத்திருந்து வெளியேதான் காயவைத்தேன். இத்தனை வருஷம் ஒரே வீட்டுக்குள் ஆளுக்கொரு பக்கம் சுற்றிப் போய்க்கொண்டிருந்தோம். அதுதான் இப்போது என்னை அறுக்கிறது. "உள்ள வாடா, கருவாடு சுட்டிருக்கேன்" என்று ஒரு வார்த்தை போதுமாக இருந்திருக்கும். அது என் வாயில் வரவே இல்லை.

கடைசியாக வந்தாயே, உடம்பெல்லாம் வற்றி, பிடித்து நடத்த ஆள் வைத்துக்கொண்டு. அன்றைக்கு நீயாகவே அடுப்படிக்குள் வந்தாய். தாங்கியைக் கட்டைவிரலால் அசைத்துப் பார்த்தாய். "லூசாயிருச்சே அண்ணி. விழுந்து வைக்கும்" என்றாய். பையிலிருந்து ஸ்பானரை எடுத்து, மூச்சு வாங்க வாங்க முடுக்கினாய். விட்டால் கீழே விழுந்துவிடுவாய்போல இருந்தது. நான் தடுக்கவில்லை. ஸ்பானரோடு வந்திருக்கிறாய் என்பதே எனக்கு நீ போன பிறகுதான் உறைத்தது.

அதுதான் நேற்று மாப்பிள்ளைக்கு அசையவில்லை. "இதை எவன் இப்படி முடுக்கினான்?" என்று அலுத்துக்கொண்டார். "கழட்ட வேணாம். பலகையோட அறுத்துடுங்க" என்றேன்.

மகளின் இந்த வீட்டில் கேஸ் அடுப்பு. புகை கிடையாது. இருந்தாலும் அதற்கு மேலேயே பலகையோடு மாட்டச் சொல்லி, மூங்கிலைப் போட்டேன். இன்று காலை பச்சைக் கோட்டுக் கம்பளியை நனைத்துத் துவைத்தேன். வெளியே மழை, வெயிலுக்குக் காத்திருக்கவில்லை. ஈரக் கம்பளி ஓர் ஆள் கனம் கனக்கும். மகளும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி மூங்கிலில் போட்டோம்.

தாங்குகிறது, தம்பி.