சிரித்துக்கொண்டு திருத்திய மேசை

வெள்ளவத்தை,
12.10.1997

அன்புள்ள மகன் சேந்தனுக்கு,

நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம். நலம் என்று இந்த ஊரிலிருந்து எழுதினால் இப்போது அதற்குப் பெரிய பொருள் ஒன்றும் இல்லை, இரண்டு பேரும் இருட்டுவதற்குள் வந்து கதவைப் பூட்டிவிடுகிறோம், அவ்வளவுதான். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்ல சுகத்தோடு இருக்கிறாய் என்று நம்ப ஆசைதான், உன் கடைசிக் கடிதம் நம்ப விடவில்லை. அப்பாவுக்குப் பிரஷர் கொஞ்சம் குறைந்திருக்கிறது, உப்பைக் குறைக்கச் சொன்னால் ஊறுகாயில் இருப்பதை உப்பு என்று சொல்லக் கூடாது என்று வாதாடுகிறார். தமிழர் இங்கே தங்குவதற்கான பொலிஸ் பதிவைப் போன கிழமை புதுப்பித்துக்கொண்டோம். மேல்மாடியில் இருந்த வவுனியாக் குடும்பம் கொட்டாஞ்சேனைக்கு மாறிவிட்டது, அவர்களுடைய பிள்ளைகள் எங்கள் தலைக்கு மேலே ஓடும் சத்தம் இல்லாமல் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. அவர்கள் ஓடும்போது கோபித்தவரும் அப்பாதான், இப்போது காதைத் தீட்டிக்கொண்டு இருப்பவரும் அவர்தான்.

உன் கடிதத்துக்கு வருகிறேன். ஜனவரியில் மறுபடி எழுதும் இரண்டு பாடங்களிலும் தேறாவிட்டால் பல்கலைக்கழகத்தில் இடம் போய்விடும், இடம் போனால் விசாவும் போகும், அது தெரிந்த விஷயம். அதற்காக பட்மின்டனை விட்டுவிட்டதாகவும், றக்கெற்றை யாருக்கோ கொடுத்துவிட்டதாகவும், கூட்டாளிமார் சேர்ந்து சமைக்கும் வீட்டுப் பக்கமே போவதில்லை என்றும், நூலகம் திறக்கும்போது போய்ப் பூட்டும்போது வருவதாகவும் எழுதியிருந்தாய். நீங்கள் அங்கே செக்பொயின்றில் நிற்கும்போது நான் இங்கே பந்தடிப்பது சரியில்லை அம்மா என்றும் எழுதியிருந்தாய். அப்பா அதை இரண்டு தரம் வாசித்து, "பெடியனுக்குப் பொறுப்பு வந்திட்டுது" என்று பெருமைப்பட்டார். நான் அதற்கு அடுத்த வரியையும் வாசித்தேன். ஒரே பக்கத்தை எத்தனை தரம் வாசித்தாலும் மூளையில் ஒன்றும் நிற்கவில்லை என்று அதில் இருந்தது. எனக்குப் பெருமை வரவில்லை, பயம் வந்தது.

படிப்பும் வேண்டும் விளையாட்டும் வேண்டும் என்று மேடையில் பேசுபவர்களை நான் நம்புவதில்லை என்பது உனக்குத் தெரியும். எங்கள் பள்ளிக்கூடப் பரிசளிப்பில் அப்படிப் பேசிவிட்டுப் போகும் பிரமுகர்கள் தங்கள் பிள்ளைகளை விடியப்புறம் ஒரு ரியூசனுக்கும் பின்னேரம் இன்னொன்றுக்கும் அனுப்புகிறவர்கள். ஆகையால் உபதேசம் செய்ய வரவில்லை, இந்த மாதம் என் கண் முன்னால் நடந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன், அதில் உனக்கு ஏதும் இருந்தால் எடுத்துக்கொள். உயர்தரப் பரீட்சை விடைத்தாள் திருத்துவதற்கு இந்த வருடமும் கூப்பிட்டிருந்தார்கள், கணிதத்தில் ஒரு குழுவுக்கு நான் பொறுப்பு. எந்த இடம், எத்தனை தாள் என்றெல்லாம் எழுதக் கூடாது, எழுதவும் மாட்டேன். முறை உனக்கு விளங்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன், ஒருவர் சிவப்புப் பேனையால் திருத்திக் கூட்டுவார், அதே மேசையில் இன்னொருவர் பச்சைப் பேனையால் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். இந்தப் பச்சைப் பேனைதான் எப்போதும் தொல்லை. முதல் ஆள் சரியாகத்தான் செய்திருப்பார் என்ற நம்பிக்கையில் இரண்டாம் ஆள் கையெழுத்தை மட்டும் போட்டுக்கொண்டே போவார்.

மூலை மேசையில் மூன்று பேர். யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்குக் கப்பலில் வந்து அங்கிருந்து பஸ் பிடித்து வந்த சண்முகலிங்கம் மாஸ்டர், என்னிலும் மூத்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து மற்ற முஸ்லிம்களோடு வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் குடியிருந்து அங்கேயே படிப்பிக்கும் றஸ்மியா. கொட்டாஞ்சேனைப் பிறிஜெற். முதல் நாளே அந்த மூலையிலிருந்து சிரிப்புச் சத்தம். போய்ப் பார்த்தால் மாஸ்டரின் காதில் தாள்களுக்குப் போடும் கிளிப் ஒன்று தொங்குகிறது. இது என்ன என்று கேட்டேன். "ஏழையும் எட்டையும் கூட்டிப் பதினாறு எண்டு போட்டவர் மிஸ், அதுக்குத்தான் தோடு" என்றாள் பிறிஜெற். "வெள்ளி விக்கிற விலைக்கு வேறென்னத்தைப் போடுறது டீச்சர்" என்றாள் றஸ்மியா. பச்சைப் பேனைக்காரர் பிழை பிடித்தால் சிவப்புப் பேனைக்காரர் கிளிப்பை மாட்டவேண்டும், அடுத்த ஆள் அகப்படும்வரை கழற்றக் கூடாது, அதுதான் சட்டமாம். மாஸ்டர் சிரிக்காமல், "காலமை கொழுவினது மிஸ், கழட்டுவம் எண்டால் இதுகள் ரெண்டும் பிழை விடுகுதுகளில்லை" என்று முறையிட்டார். எனக்கு அந்த நேரம் வேறு நினைவு. லாம்பு வெளிச்சத்தில் படித்து, எங்கேயோ கொட்டிலுக்குள் இருந்து எழுதிய தாள்களும் இந்தக் கட்டுகளில் இருக்கும், இவர்கள் அதை வைத்துக்கொண்டு சிரிக்கிறார்களே என்று இருந்தது. பிள்ளைகளின் எதிர்காலம் இது, காசு வைத்துக் கடதாசி விளையாடும் மேசை அல்ல என்று சொன்னேன். மாஸ்டர் கிளிப்பைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டார், பெட்டியை நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், மூலை அமைதியாகிவிட்டது. எனக்கும் திருப்தி.

அடுத்த கிழமை ஒவ்வொரு மேசையிலிருந்தும் சில தாள்களை எடுத்து மறுபடி பார்த்தேன். மூலை மேசைத் தாள் ஒன்றில் கடைசிப் பக்கம் முழுவதும் திருத்தப்படாமல் இருந்தது. தொகையீட்டுக் கணக்கு, அந்தப் பிள்ளை அழகாகச் செய்திருந்தது. வெறும் பக்கம் ஒன்றை விட்டு அதற்குப் பின்னால் எழுதியதால் கண்ணில் படவில்லை. சிவப்புக் கையெழுத்தும் இருந்தது, பச்சையும் இருந்தது. நான் அந்தத் தாளைத் தற்செயலாகத்தான் எடுத்தேன், மேலே இருந்ததை எடுத்திருந்தால் அந்தப் பிள்ளைக்குச் சேரவேண்டியது சேர்ந்திருக்காது. பேனைகளை மாறி மாறிப் பிடிப்பார்கள், இந்தத் தாளில் பச்சை மாஸ்டருடையது. கொண்டுபோய்க் காட்டினேன், அவர் முகம் செத்துப்போயிற்று. மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஊரில், வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரு சேதியும் இல்லை. அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "சிரிக்கேக்கை தாளைத்தான் மிஸ் பாத்தனாங்கள். இப்ப தாளைப் பாத்துக்கொண்டு வீட்டை நினைக்கிறம்" என்றார். றஸ்மியா சும்மா இருக்கவில்லை. "மாஸ்டரைப் பிடிக்கவேணுமெண்ட ஆசையிலதானே டீச்சர் கடைசி மட்டைவரைக்கும் பிரட்டினனான், இப்ப என்னத்துக்குப் பிரட்டுறது" என்றாள்.

ஒரு மேசையைப் பார்த்து விதி எழுத முடியாது என்பது உனக்கு நான் சொல்லித் தந்ததுதான். களைப்பாக இருக்கலாம், அன்றைய வெக்கையாக இருக்கலாம். ஆனாலும் கிளிப் பெட்டியை அந்த மேசையில் கொண்டுபோய் வைத்தேன், சத்தம் மட்டும் அளவோடு இருக்கட்டும் என்றேன். இரண்டு நாளில் மற்ற மேசைகளுக்கும் அது தொற்றிவிட்டது. தாள்கள் தாமதமாகும் என்று எதிர்பார்த்தேன், ஆகவில்லை. வியாழக்கிழமை, குழுவின் புள்ளிகளைத் தொகுத்து நான் போட்ட கூட்டலிலேயே பிறிஜெற் பிழை பிடித்தாள். எல்லோரும் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள், மாஸ்டர் மட்டும், "பெரியாக்களுக்கு வேறை சட்டமோ?" என்று மெதுவாகக் கேட்டார். வாங்கி மாட்டிக்கொண்டேன். கழற்ற மறந்து அப்படியே வீட்டுக்கு வரப் புறப்பட்டுவிட்டேன், பம்பலப்பிட்டியில் பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கியபோது சோதிக்கிற பொலிஸ் பெண் என் காதைப் பார்த்து "மொக்கத மே?" என்றாள், இது என்ன என்று. கூட்டல் பிழைத்ததற்குத் தண்டனை என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் கைப்பையைக் கவிழ்த்து, மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் திறந்து, ஒன்றுவிடாமல் பார்த்தாள். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

நான் யோசித்தது இவ்வளவுதான். அந்த மேசையில் ஒருவரும் விளையாடுவதற்காகத் தாளை ஒதுக்கி வைக்கவில்லை. நீ போன வருடம் ஒதுக்கி வைத்தாய் என்று அப்பா சொல்கிறார், அதில் கொஞ்சம் உண்மை இருக்கும், உனக்குத்தான் தெரியும். ஆனால் இப்போது நீ புத்தகத்தின் முன்னால் இருந்துகொண்டு எங்களை நினைக்கிறாய், அதற்குப் படிப்பு என்று பெயர் வைத்திருக்கிறாய். பயம் ஒருவனை மேசையில் இருத்திவைக்கும், பக்கத்தைப் பிரட்ட வைக்காது. உன்னோடு மறுபடி எழுதுகிற பெடியன் யாரும் இருந்தால் சேர்ந்து கணக்குச் செய்யுங்கள், ஒருவரின் பிழையை மற்றவர் பிடியுங்கள், தோற்றவன் பாத்திரம் கழுவட்டும். கிழமையில் இரண்டு நாள் பந்தடிக்கப் போ, அந்த நேரம் வியர்க்க விளையாடு, திரும்பி வந்து இரு. விளையாடினால் பாஸ் பண்ணுவாய் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. இப்படியே இருந்தால் பண்ணமாட்டாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எங்களுக்காக நீ ஒறுத்துக்கொள்வது பற்றியும் ஒன்று, நீ றக்கெற்றைக் கொடுத்ததால் காலி வீதியில் ஒரு சோதனைச் சாவடியும் குறையவில்லை. தேறாவிட்டால் நீ இங்கேதான் வரவேண்டும். உன் வயதுப் பெடியள் இரண்டு பேரை எங்கள் ஒழுங்கையிலிருந்து விசாரிக்க என்று கூட்டிக்கொண்டு போனார்கள், ஒருவன் வந்தான், மற்றவனுடைய தாய் இன்னும் ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்குகிறாள். உன்னைக் காண எனக்கு ஆசை இல்லை என்று நினைக்காதே, இப்போது காண விருப்பமில்லை.

அப்பா வெள்ளிக்கிழமை கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தார், திருநீறு இதற்குள் வைத்திருக்கிறேன். நான் கும்பிட்டேனா என்று கேட்காதே, அவரோடு போய் வந்தேன். உடம்பைப் பார்த்துக்கொள், குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, நல்லாக இரு. ஒன்றை மட்டும் மறக்காதே. சனிக்கிழமைகளில் நாங்கள் கோல் எடுப்போம் என்று நீ வெளியே போகாமல் காத்திருப்பதாக அப்பாவிடம் சொன்னாயாம். மாதக் கடைசிச் சனிக்கிழமை வழக்கமான நேரத்துக்கு ரெலிபோன் கடைக்குப் போய் நான் எடுப்பேன். நீ அங்கே ரெலிபோனைத் தூக்கினால் இரண்டு சொல்லோடு வைத்துவிடுவேன். எடுக்காமல் மணி அடித்துக்கொண்டே இருந்தால், பட்மின்டன் கோர்ட்டில் நிற்கிறாய் என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்கு நடந்து வருவேன். பிள்ளை ரெலிபோனை எடுக்கவில்லை என்றால் இந்த ஊரில் ஒரு தாயும் நல்லதை நினைப்பதில்லை, நான் அன்றைக்கு நினைக்கிறேன்.

என்றும் உன் நன்மையை விரும்பும்,
அம்மா