ஒரு சுமைக்கு ஒரு முடிச்சு

மார்ச் 4

நான்காவது ஆஸ்பத்திரியும் நம்மிடமே துணி போடப் போகிறதாம். துரைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. துரை என்றால் வேறு யார், என்னைக் கட்டியவர்தான். மாடிப்படிக்குக் கீழே இரண்டு தொட்டி வைத்துச் சலவையை ஆரம்பித்தபோது வெறும் பனியன். இப்போது வெள்ளைக் கோட்டு! யாராவது நாக்கை நீட்டிக் காட்டாததுதான் பாக்கி. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்று சும்மாவா சொன்னார்கள்.

மார்ச் 9

சுவர் எழுப்பியாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்ட சுவர். மெஷின்கள் சுவருக்குள்ளேயே பதிந்திருக்கின்றன. அழுக்குப் பக்கம் கதவைத் திறந்து போட்டால் சுத்தப் பக்கக் கதவு வழியாக வெளுத்து வரும். ஆள் அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் குளித்து, உடை மாற்றி, வெளியே சுற்றித்தான் போக வேண்டும். நியாயமான ஏற்பாடுதான். யார் எந்தப் பக்கம் என்று முடிவு செய்ய மட்டும் இவருக்கு ஒரு நொடி ஆகவில்லை.

"எனக்குத் தும்மல் வரும்ல" என்றார்.

சுத்தப் பக்கம் அவரும் நாத்தனாரும். ரத்தமும் சீழும் எனக்கும் வேலைக்கு வரும் மூன்று பெண்களுக்கும். தும்மலாம்!

மார்ச் 17

ஐந்தாவது ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய மனிதர்கள் பார்க்க வந்தார்கள். எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "எல்லாமே என் நேரடி மேற்பார்வைங்க" என்று இவர் சொன்னது சுவர் தாண்டிக் கேட்டது. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து.

மார்ச் 22

உதறுவதை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

துணி மூட்டைக்குள் என்னதான் வராது? ஊசி, கத்தரி, ஒருமுறை யாருடைய பல்செட்டோ. அதனால்தான் ஒவ்வொரு விரிப்பையும் மேஜைமேல் உதறிவிட்டு உள்ளே போடுவது. தொட்டிக் காலத்தில் இவர்தான் உதறுவார். உதறி முடித்ததும் மேல் விரிப்பின் முனையில் ஒரு முடிச்சு. முடிச்சு இருந்தால் நான் பயமில்லாமல் கை வைக்கலாம் என்று அர்த்தம். அவிழ்த்துவிட்டுத் தொட்டியில் போடுவேன். அதே மனிதர்தான் இன்றைக்குச் சொல்கிறார்:

"உதறிக்கிட்டே இருந்தா அஞ்சு ஆஸ்பத்திரி துணி எப்ப முடியும்? இத்தனை வருஷத்துல யாரையாவது ஊசி குத்தியிருக்கா?"

"உதறினதாலதாங்க குத்தல."

"வாய் மட்டும் வளந்திருக்கு உனக்கு."

எனக்கும் பெண்களுக்கும் தடித்த கையுறை தேடி வாங்கினேன். உதறாத துணி அப்படியே உள்ளே போகிறது. போகட்டும், முதலாளி சொல் ஆயிற்றே.

ஏப்ரல் 2

நடந்தேவிட்டது.

மறுபடியும் பெரிய மனிதர்கள். இவர் வெளுத்து வந்த விரிப்பு ஒன்றைத் தூக்கிக் காட்டி, "பால் மாதிரி இருக்கு பாருங்க" என்று தடவியிருக்கிறார். மடிப்பில் ஊசி. அலறல் கேட்டதும் முதலில் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். அப்புறம் நாத்தனார் குரல் — "அண்ணி! அண்ணன் கையில ஊசி ஏறிடுச்சு, ரத்தம் வருது!"

எந்த வழியாக ஓடினேன் என்றே தெரியவில்லை. குளிக்கவில்லை, உடை மாற்றவில்லை. அழுக்குக் கையுறையோடு போய் நின்றேனாம். சுத்தப் பக்கத்துத் துணி முழுவதையும் மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று.

ஏப்ரல் 3

கொதிநீரில் வெந்த ஊசி, பெரிய ஆபத்து இருக்காது என்கிறார் டாக்டர். ஆனாலும் மாத்திரை, ரத்தப் பரிசோதனை, சில வாரம் கழித்து இன்னொரு பரிசோதனை. யார் உடம்பில் ஏறிய ஊசியோ?

பெண்களைக் கூப்பிட்டு, இனிமேல் உதறாமல் ஒரு துணி உள்ளே போகக் கூடாது என்றேன்.

ஏப்ரல் 11

தன்னிடமிருந்து எங்களுக்கு ஒட்டிவிடுமாம், தனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைத்துக்கொண்டார். டம்ளரில் எல்லாம் ஒட்டாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியும் இந்தக் கூத்து. எரிச்சல் தாங்காமல் அவர் குடித்து வைத்த மிச்சத் தண்ணீரை அவர் கண்ணெதிரே எடுத்துக் குடித்தேன்.

"பைத்தியமாடி நீ?"

"உங்களைக் கட்டினப்பவே தெரியலையா?"

ஏப்ரல் 12

இந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் யாரைத் திட்டுவேன்?

மே 20

இரண்டாவது பரிசோதனையிலும் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. உடனே ஆரம்பித்துவிட்டார், "நான்தான் அப்பவே சொன்னேனே." விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை! பட்டும் புத்தி வரவில்லை என்று எழுத உட்கார்ந்தேன். கை கழுவிவிட்டு வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"நாளையிலேருந்து நான் அழுக்குப் பக்கம் நிக்கறேன்."

"தும்மல்?"

"வந்தா வரட்டும்."

மே 21

முதல் நாளாகச் சுத்தப் பக்கம் நின்றேன். கதவைத் திறந்தால் சூடான துணி. அதில் ஒரு விரிப்பின் முனையில் முடிச்சு.

மடையர். மெஷினில் சுழன்று முடிச்சு கல்லாக இறுகிவிட்டது. நகம் பெயர அவிழ்த்தால் உள்ளே கறை அப்படியே இருக்கிறது. முடிச்சுக்குள் வெளுக்காது என்று இத்தனை வருஷத் தொழிலில் தெரியவில்லையா? தொட்டிக்குப் போகுமுன் நான் அவிழ்த்தேன். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று எப்படி அவிழ்ப்பதாம்? இதைத் திரும்பத்தான் துவைக்க வேண்டும்.

அடுத்த சுமையிலும் முடிச்சு. அதற்கடுத்ததிலும்.

"நான் போய் அண்ணன்கிட்ட சொல்லிட்டு வரட்டுமா, அண்ணி?" என்றாள் நாத்தனார்.

வேண்டாம் என்றேன். நாளைக்கு நானே போய்த் திட்டிக்கொள்கிறேன்.