நானூற்று இரண்டு

டெலனி,

டொலிடோ ஆஸ்பத்திரியில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று தெரிந்ததும், கார் ஏறும் முன் உன் பாஸ்வேர்டை என் உள்ளங்கையில் எழுதினாய். "என் ஸ்ட்ரீக் ஒண்ணுகூட சாகக் கூடாதுடி" என்றாய். உன் மணிக்கட்டில் சுற்றியிருந்த பேண்டேஜைப் பார்க்க முடியாமல் அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தொரு நாளாக உன் பெயரில் இருபத்து மூன்று பேருக்கு என் அறையின் கூரையைப் படமெடுத்து அனுப்புகிறேன். அவர்களும் தரையையோ பாதி நெற்றியையோ திருப்பி அனுப்புகிறார்கள். ஒரு நாள் விடாமல் இரு பக்கமும் படம் போவதால் ஆப்பில் ஸ்ட்ரீக் எண் ஏறுகிறது. நீ பள்ளிக்கு வராததை ஒருவரும் கேட்கவில்லை. தொள்ளாயிரம் பேருக்கு இருக்கும் ஒரே ஆலோசகரும் கேட்கவில்லை.

நேற்று பள்ளி கேன்டீனில், அந்த இருபத்து மூன்று பேரில் ஒருத்தியான கென்சியிடம், "டெலனி எப்படி இருக்கா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"சூப்பரா இருக்கா. தினமும் பேசிக்கிறோம். நானூத்தியொரு நாள் ஆச்சு, தெரியுமா? ஏன், பொறாமையா?"

அது நான்தான்டி என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் மீதியையும் சொல்ல வேண்டிவரும்.

இன்று வேண்டுமென்றே அனுப்பவில்லை. யாராவது உன்னைத் தேடட்டும் என்று காத்திருந்தேன். கென்சி மட்டும் எழுதினாள்: "ஏய், நேரம் முடியப்போகுதுன்னு மணல்கடிகாரம் வந்துடுச்சு! சீக்கிரம் அனுப்புடி, நம்ம நானூறு போயிடும்!" இத்தனை நாளில் உனக்கு வந்த ஒரே வாக்கியம் இதுதான். இதை எழுதலாமா என்று தெரியவில்லை. உனக்குப் பொய் எழுதவும் வரவில்லை.

பயந்துபோய் அனுப்பிவிட்டேன். பதிலுக்குத் தன் ஷூவைப் படமெடுத்து அனுப்பினாள். நானூற்று இரண்டு.

நீ எப்போதுடி வருவாய்?

உன் பாஸ்வேர்டை வைத்திருப்பவள்