காப்பீடு நின்ற இடத்தில் உன் தம்பி

அளவற்ற அருளாளன் பெயரால். தொலைதூரச் சியோலில் வாழும் என் கண்மணி முஅத்தருக்கு, நம் உஸ்பெக் ஊரான மர்கிலானிலிருந்து உன் தாய் எழுதுவது. உன்மீதும் மருமகன்மீதும் சாந்தி நிலவுக. நானும் உன் தம்பி இக்ரோம்ஜானும் நலமே. முற்றத்துத் திராட்சைக் கொடியைக் குளிருக்கு முன் மண்ணில் புதைத்தாயிற்று. முழங்கால் வலி மட்டும் என்னை நாற்காலியில் அமர்ந்து தொழ வைத்துவிட்டது. நீ வேளைக்கு உண்டு, வேளைக்குத் தொழுது வருகிறாய் என்றே நம்புகிறேன்.

விபத்தைப் பற்றித் தொலைபேசியில் நீ கேட்டபோதெல்லாம் அழுகை வந்து சொல்லைத் தடுத்தது. இப்போது நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு எழுதுகிறேன். நோன்பு மாதத்தில் ஒரு மாலை, நோன்பு துறக்கும் பாங்கு சொல்வதற்குள் வீடு சேரவேண்டும் என்று அவன் ஓட்டிய வேனில் இருந்த பயணிகள் அவசரப்படுத்த, உன் தம்பியும் விரைந்திருக்கிறான். ரொட்டி சுடும் பஹ்ரி, பழைய குழந்தை வண்டியில் ரொட்டிகளை அடுக்கித் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தாள். வண்டிக்குள் குழந்தை என்றெண்ணி அவன் திருப்பினான். வேன் அவள்மேல் மோதி வலத்தோளை நொறுக்கியது. சிதறிய ரொட்டிகளை ஊரார் பொறுக்கி மதில்மேல் வைக்க, இவன் அவளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினான். முதல் அறுவை சிகிச்சைக்கே வேனின் காப்பீடு தன் உச்சவரம்பைத் தொட்டு நின்றுவிட்டது. இன்னோர் அறுவை வேண்டும், அவளுடைய ரொட்டி அடுப்போ அணைந்து கிடந்தது. வரம்புக்கு மேற்பட்டதை ஓட்டியவனிடம் கேட்கச் சட்டத்தில் வழி உண்டு, ஆனால் அவள் வழக்குத் தொடுத்தாக வேண்டும்.

நம் மஹல்லாத் தெருவாரின் வழக்கம் உனக்குத் தெரியுமே. சமாதானம் பேச ரொட்டியும் சர்க்கரையும் ஏந்தி அவள் வீட்டுக்குப் போனோம். வெண்தாடிப் பெரியவர்கள் துஆ ஓதிப் பிரார்த்தித்தபின், "மனசுல குறை ஏதும் உண்டா மகளே?" என்றார்கள். சபை நடுவே எந்தப் பெண் உண்டென்பாள்? "ஒண்ணும் இல்லைங்க, எல்லாம் அல்லாஹ் விதிச்சது" என்றாள். முடிந்தது என்று எல்லோரும் முகத்தைத் தடவி ஆமீன் சொன்னோம். பிறகு அவள் தேநீர் நீட்டினாள். வலக்கை எழவில்லை. இடக்கையால் நீட்டி, "தப்பா எடுத்துக்காதீங்க, மன்னிச்சுக்கோங்க" என்று கூசினாள். அடிபட்டவள் மன்னிப்புக் கேட்க, அடித்தவன் கோப்பையை வாங்கினான். அன்றிலிருந்து உன் தம்பிக்கு உணவு இறங்கவில்லை.

வரம்புக்கு மேற்பட்டதெல்லாம் தன் பொறுப்பென்று நோட்டரி முன் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று சில நாளில் அறிவித்தான். உன் ஹோஷிம் மாமா குதித்தான்: "ஏன்டா, மூளை கலங்கிப்போச்சா? கம்பெனி கொடுத்தாச்சு, பெரியவங்க ஓதியாச்சு, அந்தப் பொம்பளையே குறையில்லன்னுட்டா. மூடின கேஸைத் திறந்து, இந்தா என் கழுத்துன்னு நீட்டுறியே!" இவனோ குரல் உயர்த்தாமல், "கம்பெனிக்கு எல்லை போட்டிருக்கு மாமா. அவங்க வலிக்கு யாரும் எல்லை போடலையே" என்றான். இந்த வீடும் கைவிட்டுப் போகுமோ என்று என் உள்ளம் நடுங்கியது உண்மை, மகளே. ஆனால் அவரவர் வினைக்கு அவரவரே பொறுப்பென்று என்னிடம் குர்ஆன் ஓத வரும் பெண்களுக்கு நாளும் சொல்லிவிட்டு, அவனை எந்த வாயால் தடுப்பேன்?

அதைப் பஹ்ரியிடம் சொல்ல அவன் போனபோது நானும் கூடப் போனேன். அவள் சீறினாள்: "போடா, நான் என்ன உன்கிட்ட பிச்சையா கேட்டேன்?" அவன், "நீங்க கேக்கல அக்கா. கேக்க முடியாம உங்க வாயை அடைச்சது நாங்கதான்" என்றான். அவள் இடக்கையால் வலத்தோளைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப வலிக்குதுடா தம்பி" என்று முதன்முறையாக வாய்விட்டு அழுதாள்.

எழுதிக் கொடுத்துவிட்டான். வேனை விற்றான், பிறர் லாரியைக் கூலிக்கு ஓட்டுகிறான். விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் அவள் அடுப்படியில் நின்று, அவள் சொல்லச் சொல்ல அடுப்பின் உட்சுவரில் ரொட்டி அப்புகிறான். "உன் ரொட்டியும் உன்னை மாதிரிதான், ஓரமா ஒட்டி நிக்காம நடுவுல போய் விழுது" என்று அவள் ஏச, தெருவே சிரிக்கிறது. அடுத்த அறுவை இளவேனிலில். கை முழுதும் திரும்பும் என்று மருத்துவர் வாக்குத் தரவில்லை. துஆ செய். நீயும் அங்கே கார் ஓட்டுகிறாயாமே. காப்பீடு இருக்கிறதா என்று மட்டும் பாராதே, எதுவரை இருக்கிறது என்றும் பார். யார் அவசரப்படுத்தினாலும் விரையாதே.

சேமிப்பை அனுப்புவதாகச் சொன்னாய். அவனிடம் சொன்னேன். "அக்கா பாசம் போதும்மா. ஸ்டியரிங்கைப் பிடிச்சது அக்கா கையா?" என்றான். ஆகவே அனுப்பாதே. உன் இல்லம் செழிக்க, மடி நிறைய, உன் நாவு மெய்யே பேச இறைவன் அருள்வானாக. ஒன்றை மட்டும் நினைவில் வை: தம்பியின் சுமையைக் குறைக்க ஆசைப்படாதே. அதைத் தூக்கி நிற்கும்போதுதான் என் மகனின் முழு உயரத்தைக் கண்டேன்.

உன் நலம் வேண்டும் தாய்,
மஸ்துரா